புனிதர் இசித்ரோவின் மாடு

மார்ச் 11

காலையில் பள்ளி பஸ்ஸை எடுக்கும்போது வானொலியில் வசந்தகால முன்கணிப்பு. மழை குறைவு, வெயில் அதிகம், மே கடைசிவரை பலத்த காற்று. இத்தனையும் சொல்லிவிட்டு, "இனிய நாளாகட்டும்" என்றான் அந்த ஆள். அவன் வாயில் மண் விழ! எங்கள் பள்ளத்தாக்கில் வந்து வாயைத் திறந்தால் தானாகவே விழும்.

பெலார்மினோவிடம் சொன்னேன். என் தம்பி. ஊர் வாய்க்காலுக்குத் தலைவன், தண்ணீருக்கு முறை வைப்பவன். "ரேடியோக்காரன் கெடக்கான் அக்கா. மலையில பனி கெடக்கு பாரு, உருகி வந்தா வாய்க்கால் ரொம்பிடும்" என்றான்.

வந்தால். மே தொடக்கத்தில் என் நிலத்தில் தண்ணீர் பாய்ந்தால் புல் எழும்பும், மாடுகள் நிற்கும். இல்லையென்றால் விற்க வேண்டியதுதான். பஸ் ஓட்டிய சம்பளத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. கொட்டகையில் வைக்கோல் கொஞ்சம்தான் மிச்சம்.

மார்ச் 19

காற்று.

மார்ச் 24

இந்த வருஷம் சாமி என் வீட்டில். புனிதர் இசித்ரோ சிலையை வருஷத்துக்கு ஒரு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது வழக்கம். முழங்கை உயரம், மரத்தில் செதுக்கியது. நீலச் சட்டை, கறுப்புத் தொப்பி, சிவந்த கன்னம். காலடியில் ஏர் பூட்டிய இரண்டு குட்டி மாடுகள். உழவர்களுக்கு இவர்தான் எல்லாம். சமையலறை அலமாரியில் வைத்தேன். ஜன்னல் வழியே என் மாடுகள் தெரியும். பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

ஏப்ரல் 5

வாய்க்கால் தூர் வாரினோம். வீட்டுக்கு ஒரு மண்வெட்டி. பாதி வீட்டில் ஆளே இல்லை, எல்லாம் அல்புகெர்க்கி நகரத்துக்குப் போய்விட்டார்கள். நாங்கள் வாரிக்கொண்டே போகிறோம், பின்னாலேயே காற்று மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறது. பக்கத்து நிலத்துக் கிளெயோஃபாஸ் சொன்னார்: "ஓர்லிந்தா, பேசாம காத்தையும் ஒரு பங்காளியா சேத்துக்கலாம். நம்மள விட நல்லா உழைக்குது." எல்லோரும் சிரித்தோம். பல்லெல்லாம் மணல்.

ஏப்ரல் 23

மலையில் பனி இல்லை. உருகி வரவில்லை, ஆறு ஒரு விரல்கூட ஏறவில்லை. காற்று அங்கேயே உறிஞ்சிக் குடித்துவிட்டது. "எங்கடா போச்சு உன் பனி?" என்று தம்பியைக் கேட்டேன். தொப்பியைக் கழற்றி மணலைத் தட்டினான். அவனைக் கேட்டு என்ன செய்ய?

மே 4

மதகைத் திறந்தார்கள். நுரையும் சருகுமாக ஊர்ந்து வந்த தண்ணீர் கிளெயோஃபாஸ் மடையோடு நின்றுவிட்டது. அடுத்த மடை என்னுடையது! மொரேனா — என் முதல் பசு, கறுப்பி — வாய்க்கால் கரையில் நின்று காய்ந்த மணலை முகர்ந்துகொண்டிருந்தாள். எனக்குப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய்விட்டேன்.

மே 15

சாமியின் திருநாள். அவரை நிலம் நிலமாகத் தூக்கிக்கொண்டு போனோம். காட்டுத்தீ அபாயம் என்று சிவப்புக் கொடி எச்சரிக்கை, நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் மெழுகுவர்த்திக்குப் பதில் எல்லோர் கையிலும் பேட்டரி விளக்கு. பாட்டு காற்றோடு போயிற்று, பக்கத்தில் நடப்பவர் குரல்கூடக் கேட்கவில்லை. என் நிலத்துக்கு வந்ததும் சொன்னேன்: "இவரு இங்கயே இருக்கட்டும்."

"என்னக்கா சொல்ற?"

"வேலிக்கல்லு மேல வெச்சுட்டுப் போங்க. மழை பெய்யற வரைக்கும் உள்ள வர வேணாம். நாங்க படறத அவரும் படட்டும்."

"சாமிகிட்டயே வீம்பா? அந்தக் காலத்துல செய்வாங்கதான், அதுக்காக இந்தக் காத்துல..."

"உன் பனியத்தான் நம்பினேன். இனிமே இவரைத்தானே நம்பணும்?"

பெலார்மினோவே கம்பியால் கட்டி நிறுத்திவிட்டுப் போனான்.

மே 18

காற்று. பஸ் ஓடவில்லை. எதிரே கொட்டகைகூடத் தெரியவில்லை. போய் எடுத்து வந்துவிடலாமா? — மாட்டேன்.

மே 21

போய்ப் பார்த்தேன். முகம் இல்லை. மணல் அடித்து அடித்துக் கண், மூக்கு, சிவந்த கன்னம் எல்லாம் தேய்ந்து வெறும் மரம் தெரிகிறது. சட்டையில் நீலம் இல்லை. காலடியில் ஒரு மாடுதான் இருக்கிறது. இன்னொன்று ஒடிந்து எங்கேயோ போய்விட்டது. ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்! மழையைக் கேட்டுத்தானே வெச்சேன்!

சால்வையில் சுற்றி எடுத்து வந்தேன். தம்பி சால்வையை விலக்கிப் பார்த்தான். பிறகு, "சரி விடுக்கா. இனிமே அவரு எதையும் பாக்க வேணாம்" என்றான். அவன் கிண்டலாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

மே 27

வைக்கோல் தீர்ந்தது. லாரி வந்தது.

மாடுகள் ஏற மறுத்தன. லாரிக்காரன் குச்சியை எடுத்தான். "அடிக்காதே, நான் கூப்பிடறேன்" என்றேன். கொட்டகையிலிருந்து தீவன வாளியை எடுத்து வந்து தட்டினேன். காலி வாளி. அந்தச் சத்தம் போதும் அவற்றுக்கு. காதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தன, மொரேனா முன்னால். நான் தட்டிக்கொண்டே பலகையில் ஏறி லாரிக்குள் போனேன், பின்னாலேயே எல்லாம் வந்துவிட்டன. மொரேனா வாளிக்குள் முகத்தை விட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

பக்கக் கதவு வழியாக இறங்கி வந்தேன்.

மே 28

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 9

தீவனத் தொட்டியில் காற்று கொட்டிய மணலை அள்ளி வெளியே போட்டேன். இனி எதற்கென்று தெரியவில்லை, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மண்வெட்டியில் ஏதோ தட்டியது. சாமியின் மாடு. ஒரு கொம்பும் வண்ணமும் போய்விட்டன. மற்றபடி முழுசாக இருக்கிறது.

சாயங்காலம் பெலார்மினோ வந்தான், சாமிக்கு வண்ணம் அடிக்க எடுத்துப் போக. "அந்த இன்னொரு மாடு கெடச்சுதாக்கா?"

"இல்லடா" என்றேன்.

ஜன்னல் ஓரத்தில் காப்பி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அவருக்குத்தான் ஒன்று இருக்கிறதே. இது எனக்கு இருக்கட்டும்.