ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நீ இறங்காத நாட்கள்

நேற்று சிங்காநல்லூரில் நம் பழைய ரூட்டிலேயே காங்கேயம் பஸ் ஏறினேன். சின்ன வயசுக் கண்டக்டர். கையில் இருந்த மெஷினைத் தட்டினார், டிக்கெட் தானாக வந்தது, கிழித்துக் கொடுத்தார். விரலை நாக்கில் தொடவே இல்லை. அவ்வளவுதான் மாப்ளே, மனசு எங்கேயோ போய்விட்டது. எனக்கு இப்போது டிரைவர் சீட் கிடையாது, முழங்கால் வலியோடு மூலையில் உட்கார்ந்து போகிற ஆள். ஆனாலும் உன் விசில் கேட்கும் என்று காது கொஞ்ச நேரம் காத்துக்கொண்டுதான் இருந்தது.

உன் டிக்கெட் எப்போதும் ஈரம். கட்டைவிரலை நாக்கில் தொடாமல் உனக்கு ஒரு டிக்கெட் கிழிக்க வராது. "ஏனுங், நனைச்சுக் குடுக்கறீங்க?" என்று யாராவது முகம் சுளித்தால், "வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கட்டும்னுதானுங்க" என்பாய். பஸ்ஸே சிரிக்கும். யார் எந்த ஊர், யார் வீட்டில் எப்போது விசேஷம் என்று உனக்கு மனப்பாடம். எனக்கு ரோடு தெரியும், உனக்கு ஜனங்களைத் தெரியும். ஜனங்களோடு இருந்த அந்தப் பழக்கமே உனக்கு வினையாகும் என்று யார் கண்டது?

தொண்ணூறுகளின் கடைசி அது. உன் இருமல் நிற்கவில்லை, சட்டை தொளதொளத்தது. நான்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். ரிசல்ட் வந்த அன்று வெளியே வந்து பேக்கரியில் டீ சொன்னாய், குடிக்கவில்லை. "எச்.ஐ.வி.யாமா மாப்ளே. நெஞ்சுல டி.பி.யும் புடிச்சிருக்குதாமா" என்றாய். எப்படி வந்தது என்று நீ சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். டி.பி. மாத்திரையை உடனே ஆரம்பிக்க வேண்டும். வேறு நோய் அண்டாமல் இருக்கவும் ஒரு மாத்திரை உண்டு. அந்தக் கிருமிக்கே புது மருந்துகள் வந்துவிட்டன, இன்று நம்மால் வாங்க முடியாது, ஆனால் விலை இறங்கும், அதுவரை உடம்பைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சூலூர் தாண்டி இருந்த ஆஸ்பத்திரிக்கு மாசாமாசம் போய் மாத்திரை வாங்கச் சொன்னார்.

அந்த ஆஸ்பத்திரிதான் நம் பஸ் தினமும் நிற்கும் இடம். "ஆஸ்பத்திரி எறங்கறவங்க வாங்கோ" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி நீ கூவும் இடம். டீக்கடைக்காரர், வாட்ச்மேன், வரிசையில் நிற்கும் நோயாளிகள், எல்லோரும் உன் பஸ்ஸில் வந்தவர்கள்.

"அங்க போய் எந்த மொகத்தோட நிப்பேன்?" என்றாய். எச்சிலால் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "எனக்குத் தெரியுது மாப்ளே. அவிங்களுக்கு யாரு சொல்றது? இத்தன வருஷமா நாங் குடுத்த டிக்கெட்டையெல்லாம் நெனச்சு நெனச்சுக் கொமட்டுவாங்க." மறுநாள் ஒரு சின்ன டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தாய். நாக்குக்கு அன்றோடு விடுமுறை. எச்சிலுக்கு இவ்வளவு பயந்தவன் இருமலுக்குப் பயப்படவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தொத்தறது அதுதாண்டா!" என்று கத்தினேன். அதன் பிறகு பின்படிக்கட்டிலேயே நின்று வெளியே பார்த்து இருமினாய். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகவில்லை.

மாரியம்மன் கோயில் நோம்பி கழியட்டும் என்றாய். கழிந்தது. முகூர்த்த மாசம், கூட்டம் தாங்காது, முதலாளி லீவு தரமாட்டார் என்றாய். அதுவும் போனது. பிறகு வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றாய். நான் திட்டினால் எனக்கே 'ங்க' போட்டுப் பேசுவாய். "சரிங்க, தெரியுமுங்க, போறனுங்க." உனக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். எனக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது மாப்ளே.

பாலக்காட்டுப் பக்கம் ஒருவர் லேகியத்தில் இதைக் குணப்படுத்துகிறார் என்று எவனோ சொன்னான். அங்கே உன்னை யாருக்கும் தெரியாது, அதுதான் உனக்கு முக்கியம். உன்னைத் தனியே விட மனமில்லாமல் நானும் வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிற்கக்கூட இல்லை, "ஏனுங் கண்டக்டர்! இங்க எங்கீங்க?" என்று ஒரு குரல். காங்கேயத்துத் தேங்காய் வியாபாரி! "ஒறம்பரை ஊட்டுக் கல்யாணமுங்க" என்று இல்லாத சொந்தக்காரர் கல்யாணத்தைச் சொல்லி நீ பல்லைக் காட்டினாய். திரும்பி வரும்போது இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. அந்த லேகியத்தைத் தின்றே இரண்டு மூன்று மாசத்தை வீணாக்கினாய்.

அப்போதுதான் பல்லடத்தில் ஏறும் ஓர் அம்மணி உன்னிடம் பேசினாள். சின்ன வயசு, புருஷன் இறந்துவிட்டிருந்தான், மில் வேலைக்குப் போகிறவள். மாசம் ஒரு முறை ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்குவாள். இறங்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாளாம்: "ஏனுங்கண்ணா, நீங்க ஆஸ்பத்திரின்னு கத்தறப்ப எல்லாரும் என்னையத்தான் திரும்பிப் பாக்கறாங்க. மொள்ளச் சொல்லுங்கண்ணா. இல்லாட்டி நான் மருந்துக்கு வாரதையே நிறுத்திப்போடுவேன்."

அவளுக்கு என்ன நோய் என்று அவள் சொல்லவில்லை. உனக்குப் புரிந்துவிட்டது. அன்று சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு, "நாங் கத்துன கத்துல எத்தன பேரு எறங்காமப் போனாங்களோ" என்றாய். மறுநாளிலிருந்து, அங்கே நின்ற மரத்தை வைத்து ஸ்டாப்புக்கே பேரை மாற்றினாய். "புளியமரம், புளியமரம்" என்று சும்மா சொல்வாய். மற்ற பஸ்காரர்களிடமும் சொல்லி வைத்தாய். முதலில் எல்லோரும் குழம்பினார்கள், பிறகு அதுவே பேராகிவிட்டது. அந்த அம்மணி மாசம் தவறாமல் இறங்கினாள். "மொகம் தெளிஞ்சிருச்சு பாரு மாப்ளே, மருந்து வேலை செய்யுதாட்ட இருக்குது" என்று என்னிடம் வந்து சொன்னாய். உன் கண்ணில் வெகுநாளைக்குப் பிறகு ஓர் ஆசையைப் பார்த்தேன். "தைப்பூசம் போகட்டும், நானும் ஆரம்பிக்கறேன்."

தைப்பூசக் கூட்டத்தில்தான் நீ படியிலேயே சரிந்தாய். பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்து உன்னைத் தூக்கினேன், பஞ்சு மூட்டை கனம்கூட இல்லை. புளியமரம் ஸ்டாப்பில் எல்லோரும் பார்க்கத்தான் உன்னை இறக்கினோம். யாரும் முகம் சுளிக்கவில்லையே மாப்ளே! பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்தது அந்த டீக்கடைக்காரர்தான். மாத்திரை ஆரம்பித்தார்கள், உடம்பு ஏற்கவில்லை. முன்னாடியே வந்திருக்கலாமே என்று டாக்டர் யாரையும் பார்க்காமல் சொன்னார். உன் சம்சாரத்துக்கு ரத்தம் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்த அன்று மட்டும் சிரித்தாய். அந்த வாரமே போய்விட்டாய்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் நேற்றைய பஸ்தான். சூலூர் தாண்டியதும் பக்கத்து சீட்டு அம்மா என்னையே உற்றுப் பார்த்தார். தலை நரைத்துவிட்டது, ஆள் திடமாக இருந்தார். "நீங்க அப்ப இந்த ரூட்ல பஸ்ஸு ஓட்டுனவங்கதானுங்களே?" என்றார். அந்த அம்மணியேதான். இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாராம், பேரன் பள்ளிக்கூடம் போகிறானாம்.

"அந்தக் கண்டக்டரண்ணன் நல்லா இருக்காங்களா? அவரு மட்டும் அன்னிக்குப் பேரை மாத்தலீன்னா நான் இந்நேரம் மண்ணாப் போயிருப்பனுங்க" என்றார்.

சொல்லிவிட்டேன் மாப்ளே. நீ போனதையும், எதனால் போனாய் என்பதையும். இனி உனக்கு யாரிடம் மறைக்க வேண்டியிருக்கிறது?

அவர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பிறகு, "எனக்கு டிக்கெட் குடுத்த கைதானுங்களே அது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கையைப் புடிச்சு நானே கூட்டிட்டுப் போயிருப்பனேங்க" என்றார்.