குல்லாயின் உள்மடிப்பைப் பார்க்க இட்ட ஆணை

வெண்கோட்டு நாடு வாழ்க. பனி உறையும் முகடுகளையெல்லாம் தம் குடைநிழலில் கொண்டவரும், மாந்தருக்கும் மந்தைக்கும் ஒருங்கே காவலருமாகிய நெடுமுகில் வேந்தரின் திருவுளப்படி, அவர்தம் பேரமைச்சர் கூதிரன் சாத்தனார் எழுதுவிக்கும் ஓலை, கரடிக் கணவாயின் மேல் கண்துஞ்சாது நிற்கும் கல்லரண் கோட்டைத்தலைவர் வேட்டங்கீரனாரின் கைக்குச் சேர்க. உம் கோட்டை அடுப்புகள் அணையாதிருக்க. உம் வீரரின் விரல்கள் உறையாதிருக்க. இதைப் படித்து முடிக்கும்வரை எவரும் பாறைகளை உருட்டிவிடும் கல்நெம்பைத் தொடாதிருக்க.

வடவரின் ஒற்றர் சிலரைப் பிடித்ததாகவும், அவர் அனைவரும் ஒரே பின்னலில் அமைந்த குல்லாய் அணிந்திருந்ததாகவும் நீர் எழுதி, அக்குல்லாய்களில் ஒன்றையும் அனுப்பியிருந்தீர். கருங்கம்பளியில் இரு பக்கமும் மஞ்சள் மின்னல்கோடு, மூக்குவரை மூடும் மடிப்பு. அதை அணிந்து கணவாயில் இறங்குவோர் எவராயினும் கல்லுருட்டி அழிக்கலாம் என்ற அரசாணை, உம் ஓலையைக் கண்ட அன்றே குதிரையில் புறப்பட்டுவிட்டது. சான்றாக நீர் அனுப்பிய குல்லாய், மூட்டையோடு பின்தங்கி, அதன் பிறகே அவைக்கு வந்து சேர்ந்தது.

மூட்டையை அவிழ்த்தபோது அவையோர் ஒருவர் தலையை ஒருவர் பார்த்தனர். வாயிற்காவலன் தலையில் அதே குல்லாய். கவரி வீசும் பெண்டிர் தலையில் அதே குல்லாய். குளிர்தாங்காத உடம்பினராகிய பேரமைச்சரின் தலையிலும், மகள் ஆசையாய்ப் பின்னித் தந்த அதே குல்லாய்தான் இருந்தது. அவர் அதைக் கழற்றிய வேகத்தைக் கண்டு ஒருவரும் சிரிக்கவில்லை.

மறியூர் நூல்கடைக்காரி பொலங்கொடி, அரசியாருக்குச் சாயநூல் கொடுக்க அன்று அரண்மனைக்கு வந்திருந்தாள். இந்தக் குல்லாய் நாடெங்கும் பரவியது அவள் கடையிலிருந்துதான் என்று பணிப்பெண்கள் சொல்ல, அவளை அவைக்கு அழைத்தனர். அவள் சொன்னதை அலங்காரம் செய்யாமல் எழுதவேண்டும் என்பது அரசர் விருப்பம். நீர் அந்த ஊர்ப்பக்கத்தவர் ஆதலால் அவள் பேச்சை அறிவீர், நம்புவீர் என்பதே காரணம்.

மறியூரில் மாலையானால் பெண்களும் ஆண்களும் அந்தக் கடையில் கூடுவர். ஓர் இருப்பில் முடிந்துவிடும் வேடிக்கைப் பின்னல்களே அங்கே பெயர்பெற்றவை. பால்செம்புக்கு உறை, ஆட்டுக்குட்டிக்குக் காதுறை, இறகுதிர்ந்த கோழிக்குச் சட்டை என்று எதையும் விடமாட்டார்கள். புதிதாய் ஒன்றைப் பின்னியவர் அதைக் கடையின் கயிற்றில் தொங்கவிட்டுப் போவார். வேண்டியவர் அதை இறக்கிக் கண்ணிகளை விரலால் தடவி எண்ணிக்கொண்டு, தாமும் ஒன்று பின்னி, மாதிரியைத் திரும்பத் தொங்கவிடுவார். தொங்கவிட்டவர் யார் என்று கேட்பதில்லை. கேட்டால் கொடையை எடைபோட்டதாகும் என்பது அவர்கள் வழக்கம்.

இந்தக் குல்லாயையும் அவர்கள் அவ்வாறே ஏற்றனர். மழைநாளில் யாரோ ஒரு வழிப்போக்கன் கஞ்சி குடித்துவிட்டுப் போனான். அவன் போனபின் மாதிரி கயிற்றில் இருந்தது. கடைக்காரியின் தங்கை தும்பிதான் அதை முதலில் இறக்கினாளாம். பொலங்கொடி அவையில் சொன்ன சொல் இது:

“நான்தான் சாமி கேட்டேன், ‘ஏடி, யாரு மாட்டுனது?’ன்னு. ‘ஒனக்கெதுக்கு அக்கா, கல்யாணம் பேசப் போறியா?’ன்னு கேலி பண்ணுனா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் ஊசிய எடுத்துட்டேன்.”

அதன்பின் அவள் உம் சான்றுக் குல்லாயைக் கையில் வாங்கினாள். மின்னல்கோட்டை அவள் பார்க்கவேயில்லை. விளிம்பைப் பிரித்து, உள்ளே மடிந்திருந்த கடைசி வரிசையைக் கட்டைவிரலால் நீவினாள்.

“இது எங்க கடையில பின்னுனது இல்ல சாமி,” என்றாள். “பின்னல் அதேதான். முடிப்பு வேற.”

மறியூர்க் கடையில் எவரும் தம் பின்னலைத் தம் நூலாலேயே முடிப்பதில்லை. அருகில் அமர்ந்திருப்பவரிடம் ஒரு துண்டு நூல் வாங்கி, கடைசி வரிசையை அதனால் முடிப்பர். ஆகவே அங்கே பிறந்த குல்லாய் ஒவ்வொன்றின் உள்மடிப்பிலும் பொருந்தாத நிறமொன்று ஒளிந்திருக்கும். வடவர் குல்லாய் விளிம்புவரை கறுப்பு. வழிப்போக்கன் விட்டுப்போன மாதிரியும் அவ்வாறே இருந்ததாம். அதைப் பார்த்து, பின்னியவர் துணையின்றித் தனியே அமர்ந்து பின்னியிருக்கிறார் பாவம் என்று அவர்கள் இரங்கினார்களாம்.

வடவரின் கருத்து இப்போது வெயில்போல் தெரிகிறது. தம் படையின் அடையாளத்தை நம் மக்களே விரும்பிச் சூடிக்கொள்ளும்படி செய்துவிட்டால், நாம் எறியும் கல் நம்மவர்மேல் விழும். எறியாது நின்றால் அவர்கள் நம்மவரோடு கலந்து இறங்குவர்.

வேட்டங்கீரனாரே, இனி வருவதைக் கருத்தூன்றிப் படிப்பீராக. தும்பியின் தலைமையில் கம்பளிச் சுமைகாரரும் கூலிக்குச் சேர்ந்த மேய்ப்பரும் அடங்கிய கூட்டமொன்று மலைக்கு அப்பாலுள்ள மேய்ச்சல் நிலத்துக்குப் போயிருக்கிறது. ஆடுகளின் உதிர்மயிர் சேர்த்துக்கொண்டு அவர்கள் உம் கணவாய் வழியேதான் திரும்பவேண்டும். பயணத்துக்கென்று அவர்கள் அனைவருக்கும் இதே குல்லாய்தான் பின்னப்பட்டது. பொலங்கொடி இதைச் சொன்னபோதுதான், முன்னர்ப் புறப்பட்ட ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவளுக்குத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அவள் அழவில்லை. குதிரை எவ்வளவு விரைவானது என்று மட்டும் கேட்டாள்.

ஆணையை முற்றும் நீக்கிவிடலாம் என்று அவையோர் சிலர் சொன்னார்கள். நீக்கினால் பகைவரும் இறங்கிவிடுவார்களே என்றார் அரசர். மேலிருந்து பார்க்கும் உம் வீரருக்கு உள்மடிப்பு தெரியாது. மூக்குவரை மூடிய முகமும் தெரியாது. அப்போது பொலங்கொடி தானே முன்வந்து, கணவாயின் வாயில் நின்று ஒவ்வொரு தலையாகக் குனியவைத்துப் பார்ப்பதாகச் சொன்னாள்.

நம்மவரைக் கொன்று அவர்தம் குல்லாய்களைப் பகைவர் அணிந்துவந்தால் என்ன செய்வாள் என்று அரசர் வினவினார்.

“கூலிக்குச் சேந்த மேய்ப்பருங்க மொகம் எனக்குத் தெரியாது சாமி. ஆனா தும்பி குல்லாய்க்கு முடிப்பு நூல் நான் குடுத்தது. பச்ச நூலு. அது வேற ஆளு தலையில இருந்தா, மிச்சத்த நான் பாக்க வேண்டியதில்ல.”

அந்நேரம் கை நடுங்காதோ என்றார் அரசர்.

“நடுங்கட்டும் சாமி. ஒரு குல்லாயக் கழட்ட நடுங்குற கையே போதும்.”

இவ்வோலை எழுதப்படும் வேளையில் அவள் எழுத்தாணிக்காரரின் பக்கத்தில் அமர்ந்து, உம் கோட்டையிலிருந்து பார்த்தால் தெரியும்படி தனக்கொரு சிவப்புக் குல்லாய் பின்னிக்கொண்டிருக்கிறாள். முடிக்கும் வரிசை வந்ததும், வழக்கம் தவறாமல் அருகிருப்பவரிடம் நூல் கேட்டாள். எழுத்தாணிக்காரரிடம் இருந்தது ஓலைகட்டும் அரசப் பட்டுநூல் ஒன்றே, அதைக் கொடுத்துவிட்டார். பேரமைச்சர் தடுக்கவில்லை. ஆகையால் இவ்வோலை பட்டின்றி வெறும் நாரால் கட்டி வருவதைப் போலி என்று ஐயுற வேண்டாம். ஐயம் எழுந்தால், கொண்டுவருபவளின் குல்லாயைத் திருப்பிப் பார்க்க.

ஏனெனில் இதைக் கொண்டுவருபவளும் அவளே.

அவள் வந்து சேருமுன் கல் உருண்டிருந்தால், உம்மேல் பிழையில்லை. நீர் அரசாணையின்படி நடந்தீர். அவளைக் கணவாய்க்குள் இறங்க விடுக. அங்கே அவள் தேடுவதற்குத் தடை சொல்லற்க.

கல் உருளவில்லையெனில், இவை நெடுமுகில் வேந்தரின் கட்டளைகள். பொலங்கொடி கணவாயின் வாயில் நிற்பாள். அவள் வழிவிடும் தலைகள் யாவும் நம் குடிகள். அவர்களுக்கு அடுப்பும் படுக்கையும் கொடுப்பீராக. அவளை மேலே இழுக்க ஒரு வடத்தை இடுப்பில் கட்டுவீராக; வேண்டாம் என்பாள், கேளாதிருப்பீராக. பகைவரைக் கண்டதற்கு அடையாளமாகத் தன் சிவப்புக் குல்லாயை அவள் கழற்றிப் பனியில் இட்டால், வடத்தை இழுப்பவர் இழுக்கட்டும். ஆயின் கல்நெம்பில் கை வைத்திருப்பவர் அவள் மேலே வரும்வரை காத்திருக்கலாகாது. அந்த நெம்பை வேறெவரிடமும் ஒப்படையாமல் நீரே பிடிக்கவேண்டும் என்பது அரசரின் சொல். அவள் கேட்டுக்கொண்டதும் அதுவே.

மறிக்கொம்பு இலச்சினை இட்டோம். இதில் எழுதியவை அனைத்தும் அவளுக்கு வாசித்துக் காட்டப்பட்டன. ஓரிடத்தையும் அவள் மாற்றச் சொல்லவில்லை. ஆணை நிற்க.