ராடு இல்லாத வெல்டிங்

பிப்ரவரி 4
பழைய பம்புசெட் மோட்டார்க் கூடுகளை வட்டமாக அடுக்கிப் பற்றவைத்தாகிவிட்டது. பதினைந்தடி உயரம், தரைக்கு மேலே நிற்கும் கிணறு. எண்ணம் என்னுடையது. அது சாயாமல் நிற்பது சிங்காநல்லூர்ப் பட்டறைக்காரர் தம்பிதுரை அண்ணனால். உள்ளே குறுக்குக் கம்பி கொடுத்தவர் அவர்தான். நகரமெங்கும் நடக்கும் கலைக் கண்காட்சியில் எனக்குக் கிடைத்த இடம், மூடிக்கிடக்கும் ஒரு மில். நாளை லாரி.

பிப்ரவரி 6
எல்லாம் நானே வெல்டிங் செய்ததா என்று மில்லுக்கு வந்த நிருபர் கேட்டார். ஆமாம் என்றேன். ஏன்? தெரியவில்லை — தெரியும். அவர் வியந்து பார்த்தது பிடித்திருந்தது. அண்ணன் டீ குடிக்கப் போயிருந்த நேரம், அவருடைய முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெல்டிங் பிடியைக் கையில் எடுத்துப் படத்துக்கும் நின்றேன்.

பிப்ரவரி 7
படம் நாளிதழில் வந்துவிட்டது.

பிப்ரவரி 8
கிணற்றில் ஓரிடத்தில் பற்றவைத்தது விட்டுப்போயிற்று. அண்ணன் வந்து பத்து நிமிடத்தில் சரிசெய்தார். கிளம்பும்போதுதான் சொன்னார்: "பட்டறையில எல்லாரும் பாத்துப்போட்டாங்க. அம்மணி ராடே மாட்டாம வெல்டிங் அடிக்குதுன்னு ஒரே சிரிப்புங்க."

படத்தை எடுத்துப் பார்த்தேன். ராடு, அந்தப் பற்றவைக்கும் குச்சி, இல்லை. வெறும் பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "நாளைக்குப் புள்ளயக் கூட்டீட்டு வாரேனுங்க. ஆராச்சும் கேட்டா லைட்டுக்கு வந்த ஆளுன்னு சொல்லிக்கறேன்."

வேண்டாம் அண்ணா என்று சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டினேன்.

பிப்ரவரி 9
திறப்பு நாள். ஒருங்கிணைப்பாளர் ரித்திகா அண்ணனிடம் யாரென்று கேட்டாள். சொன்னபடியே சொன்னார். அப்படியானால் மூலையில் ஒரு பல்பு எரியவில்லை, பாருங்கள் என்றாள். அவர் ஏணியை எடுத்துப் போட்டு ஏறினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவருடைய மகள் யுவஸ்ரீ. பதினான்கு வயது. பக்கத்திலேயே நான், இரும்பை உருக்குவது பற்றி நாலு பேருக்கு விளக்கிக்கொண்டு. அவள் என்னையே பார்த்தாள். நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. இருந்தும் பேசுனேனே, நிறுத்தலையே.

பிப்ரவரி 10
திறப்பு பற்றிய செய்திகள் வந்திருந்தன. எதையும் படிக்க முடியவில்லை.

பிப்ரவரி 11
ரித்திகாவிடம் உண்மையைச் சொன்னேன். "எல்லாரும் பட்டறையில குடுத்துத்தானே செய்யறாங்க" என்றாள். பொய் சொன்னேன் என்பது அவளுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. கிணற்றருகே புதுப் பெயர்ப்பலகை வைத்தாயிற்று. இரண்டு பெயர்கள், ஒரே அளவு எழுத்து. நிருபருக்கும் எழுதினேன், பதில் இல்லை.

பிப்ரவரி 13
நேரில் போகத் தைரியமில்லாமல், பலகையைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். சந்தோசம் என்றார். கண்காட்சி முடிந்து கிணற்றைக் கழற்றும்போது கட்டாயம் வருவதாகச் சொன்னார். பிறகு சொன்னார்:

"அடுத்த வேலைக்கு மட்டும் வேற பட்டறை பாத்துக்குங்க அம்மணி."

சரிங்க அண்ணா என்றேன்.