மருந்தாகாத இருபத்தேழு

2023 ஜூன் 19

எலிகளின் கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது. மருந்து கொடுக்காத கூண்டில் கால்கள் இன்னும் உப்பிச் சிவந்து கிடக்கின்றன. எங்கள் இருபத்தேழாவது மூலக்கூறைக் கொடுத்த கூண்டில் பின்னங்காலில் எழுந்து நின்று கம்பியை முகர்கின்றன. அளந்து பார்ப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்தது. இருந்தாலும் அளந்தேன். மறுபடியும் அளந்தேன்.

செழியன் சார் திருவையாற்று அசோகா அல்வா வாங்கி வந்தார். இளஞ்செழியன் என்று முழுப் பெயர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வேதியியல்காரர். மூலக்கூறைச் செய்வது அவர், அதை உயிருள்ள உடம்பில் வைத்துப் பார்ப்பது நான். இப்படியே எங்கள் இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. முட்டி வலியோடு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இரண்டு மாடி ஏறி வந்தார்.

"இருபத்தாறு தடவ தோத்தாச்சு மாலதி. இது நிக்கும், பாருங்க."

நிற்கும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. பணம் தரும் ஐதராபாத் மருந்துக் கம்பெனி அடுத்த கட்ட நீண்ட சோதனைக்கு ஒப்புக்கொண்டுவிட்டது. அசோகாவில் நெய் அதிகம். பரவாயில்லை.

2023 ஜூலை 9

திருவிடைமருதூர் போய் ஈஸ்வரியைப் பார்த்துவிட்டு வந்தேன். என் ஒரே தங்கை. முடக்குவாதம் வந்து வருஷக்கணக்காகிறது. அங்கே சரவாங்கி என்கிறார்கள். விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. ஸ்டீராய்டு முகத்தை ஊத வைத்திருக்கிறது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அணைத்துக் குடிக்கிறாள். அவள் வீட்டுக்காரர் அமிர்தலிங்கம் நாற்றங்காலுக்குப் போயிருந்தார்.

தங்கைக்காகவே நான் இந்தத் துறைக்கு வந்தேன் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அது உண்மையில்லை. நான் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு நோய் வந்தது. ஆனால் அதற்கப்புறம் வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

எலிகளைப் பற்றிச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

"எப்பக்கா கடைக்கு வரும்?"

"பத்து வருஷமாவது ஆகும்டி."

"அதுவரைக்கும் என் வெரலு இருக்குமா?" என்று சிரித்தாள்.

2023 ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரையில் ஈஸ்வரியால் மஞ்சள் கயிற்றுக்கு முடிச்சுப் போட முடியவில்லை. நான் போட்டுவிட்டேன்.

2023 நவம்பர் 21

நீண்ட சோதனையின் ரத்த முடிவுகள் வந்தன. சில எலிகளுக்குக் கல்லீரல் என்சைம் ஏறியிருக்கிறது. ரத்த மாதிரி கெட்டிருக்கலாம். இந்த மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. நாளை மறுபடி பார்க்க வேண்டும்.

2023 நவம்பர் 22

அதேதான்.

2023 டிசம்பர் 14

ஸ்லைடுகள் வந்தன. நல்ல கல்லீரலை நுண்ணோக்கியில் பார்த்தால் வரிசை பிடித்து நட்ட வயல் மாதிரி இருக்கும். இதில் நடுநடுவே தண்ணீர் நின்று அழுகிய திட்டுகள். அதிக டோஸில் மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். குறைந்த டோஸ் வாங்கிய எலிகளிலும் இருக்கிறது.

செழியன் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தார்.

"எலி வேற, மனுஷன் வேற மாலதி. எலிக்கு ஆகாதது எத்தனையோ மனுஷனுக்கு ஆகியிருக்கு."

"ஆகாததும் இருக்கு சார்."

"நான் செஞ்ச சரக்குல ஏதாவது அழுக்கு இருந்திருக்கும். சுத்தம் பண்ணித் தர்றேன். இன்னொரு தடவ பாத்துருங்க."

நியாயமான பேச்சுதான். சரி என்றேன். அழுக்காகவே இருந்துவிட வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். ஒரு விஞ்ஞானி இப்படி வேண்டிக்கொள்ளலாமா?

2024 ஜனவரி 16

மாட்டுப் பொங்கலுக்கு ஈஸ்வரி வீடு. சம்பா கதிர் சாய்ந்து நிற்கிறது. அமிர்தலிங்கம் மாட்டைக் குளிப்பாட்ட வெளியே போன சமயம் பார்த்து அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன், திட்டக் கூடாது. எலிக்குக் குடுக்கிறியே, அத எனக்குக் கொஞ்சம் குடேன்."

முடியாது என்றேன். கல்லீரல் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு அது காதில் ஏறவில்லை.

"கல்லீரல் போனா போவுது. இந்த வெரல வச்சுக்கிட்டு என்ன செய்யச் சொல்ற? தலைக்குத் தண்ணி ஊத்திக்க ஆள் வேணும். சேலை கட்ட ஆள் வேணும். பத்து நாளைக்கு, பத்தே பத்து நாளைக்கு வலி இல்லாம இருந்துக்கறேன்."

"ஈஸு, அது விஷம்டி."

"எலிக்குக் குடுக்க மனசு வருது. எனக்குக் குடுக்க வரல."

பொங்கலைத் தொடவே இல்லை அவள். நான் சாப்பிட்டேன்.

2024 ஏப்ரல் 22

சுத்தம் செய்த சரக்கிலும் அதே திட்டுகள். இந்த முறை இரண்டு எலிகள் செத்தும் போயின.

அழுக்கு இல்லை. இருபத்தேழேதான்.

செழியன் சார் இன்று கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையைப் பற்றிக் குரலை உயர்த்தாமல் பேசினார். "எல்லாத்தையும் எழுதுங்க. வேணாங்கல. ஆனா பின்னிணைப்புல போடுங்க. மொதப் பக்கத்துல வேண்டாம்."

"பின்னிணைப்ப யாரும் படிக்க மாட்டாங்க சார்."

"அதனாலதான் சொல்றேன். மனுஷன்ல ஒரு தடவ பாத்துரட்டும். அதுக்கப்புறம் நிறுத்தினா சரி. எலியப் பாத்துட்டு நிறுத்தினா எனக்கு ஆறாது."

அவருக்குத் திரும்ப ஒரு மூலக்கூறைத் தொடங்க வருஷங்கள் இல்லை. அடுத்த ஆண்டு ஓய்வு. அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

2024 ஏப்ரல் 24

அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்தில்.

2024 மே 17

கம்பெனியிடமிருந்து இரண்டு வரி. நன்றி, திட்டம் நிறுத்தப்படுகிறது. அவ்வளவுதான்.

செழியன் சார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "உங்க கடமைய நீங்க செஞ்சீங்க" என்றார். அதன் பிறகு தன் லேப்புக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை.

ஈஸ்வரிக்கு போன் செய்தேன். மறைக்க முடியாது இல்லையா? முழுக்கக் கேட்டாள். "ஒரு வழி இருந்துச்சு. அதையும் நீயே அடைச்சிட்ட" என்றாள். வைத்துவிட்டாள்.

2024 ஜூன் 30

ஈஸ்வரி போனை எடுப்பதில்லை. அமிர்தலிங்கம்தான் பேசுகிறார். "கொஞ்ச நாள் போவட்டுங்க அண்ணி, தானா சரியாயிடுவா." மாத்திரை மாற்றியிருக்கிறார்களாம். இன்னும் பலன் தெரியவில்லை.

2024 ஆகஸ்ட் 12

செழியன் சாரை மாடிப்படியில் பார்த்தேன். என்னைத் தாண்டி ஏறிப் போனார். வேகமாக, கைப்பிடியைத் தொடாமல். நல்லா இருக்கீங்களா சார் என்றேன். "ரொம்ப நல்லா இருக்கேன்" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மாதக் கணக்கில் பார்க்காத சிரிப்பு. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

2024 செப்டம்பர் 18

ராஜாத்தி, செழியன் சாருடைய மனைவி, காலையில் போன் செய்தார். சாருக்கு மஞ்சள் காமாலை, உடம்பெல்லாம் அரிப்பு, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் கேட்கவில்லை, திருச்சியில் சேர்த்திருக்கிறோம் என்றார்.

போனைப் பிடித்தபடியே நின்றேன். கைப்பிடியைத் தொடாமல் ஏறிய அந்தக் கால்கள்—

ஐயோ. இல்ல. அப்படி இருக்காது.

2024 செப்டம்பர் 19

அப்படித்தான்.

ராஜாத்தி மருந்து வாங்கக் கீழே போனபோது அவரே சொன்னார். கண் முழுக்க மஞ்சள்.

"மே மாசத்துலேர்ந்து. கொஞ்சமாதான். நானே கணக்குப் போட்டு எடுத்துக்கிட்டேன். ரத்தமும் பாத்துக்கிட்டேன். மூணு மாசம் ஒண்ணும் இல்ல மாலதி. அப்புறம் ஒரேயடியா."

"ஏன் சார்? ஸ்லைடு பாத்தீங்களே சார் நீங்க?"

"பாத்தேன். ஆனா அது எலி." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "முட்டி வலி நின்னு போச்சு. சுத்தமா நின்னு போச்சு. அது வேல செய்யுது மாலதி."

அது வேலை செய்கிறது என்பதை என்னிடம் சொல்வதற்காகவே காத்திருந்தவர் போல முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றேன். தலையசைத்தார். "ராஜாத்திகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்குத் தைரியம் இல்ல. அப்புறம்... இதையும் சேத்து எழுதிடுங்க. மனுஷன். ஒருத்தன். அறுபது கிலோ."

டாக்டரிடம் மூலக்கூறின் படத்தை வரைந்து காட்டினேன். எலிகளுக்கு என்ன ஆனது என்பதையும் சொன்னேன். இதற்கு முறிவு மருந்து உண்டா என்று கேட்டார். இல்லை. உலகத்திலேயே இதைச் சாப்பிட்ட ஆள் இவர் ஒருவர்தான்.

ராஜாத்தியிடம் வராந்தாவில் வைத்துச் சொன்னேன். அழவில்லை. "உங்க எலிங்களுக்கு இப்படி ஆனது உங்களுக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது, இல்ல?" என்றார்.



2024 செப்டம்பர் 24

கல்லீரல் மாற்றுவதற்குச் சென்னையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ராஜாத்தி தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பொருந்தவில்லை. சாருக்கு இன்று ஆள் அடையாளம் தெரியவில்லை.

2024 செப்டம்பர் 26

செழியன் சார் போய்விட்டார்.

2024 அக்டோபர் 11

கருமாதி. வல்லத்தில் அவர்கள் வீட்டில். ஓரமாக நின்றேன். யாரும் வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கிளம்பும்போது ராஜாத்தி வாசல்வரை வந்தார்.

"எழுதச் சொன்னாராமே?"

"ஆமாங்க. நீங்க வேண்டாம்னா எழுத மாட்டேன்."

"எழுதுங்க. பேர் போட்டு எழுதுங்க. கிறுக்கன்னு யாராவது சொன்னா சொல்லிட்டுப் போவட்டும்."

2024 அக்டோபர் 13

ஈஸ்வரி வந்திருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல், அமிர்தலிங்கத்தோடு பஸ்ஸில். செய்தி எப்படியோ தெரிந்திருக்கிறது. உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஒண்ணும் சொல்லாதக்கா."

சாய்ந்த அந்த விரல்களால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வலித்திருக்கும். விடவில்லை. நான் அழுதேன், இந்த ஐந்து மாதத்துக்கும் சேர்த்து. இவளுக்குக் கொடுத்திருந்தால் — வேண்டாம். அந்த வாக்கியத்தை முடிக்கக் கூடாது.

2025 பிப்ரவரி 8

கட்டுரை எழுத உட்கார்ந்தால் "நோயாளி" என்ற சொல்லில் நின்றுவிடுகிறேன். அவர் நோயாளியா? ஆய்வாளரா? கடைசியில் இரண்டையும் எழுதினேன். முதல் ஆசிரியர் அவர்தான். பெயருக்கு மேல் ஒரு சின்னக் குறி, கீழே "காலமானவர்".

ஈஸ்வரிக்குப் புது மாத்திரையில் காலை நேர இறுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கொஞ்சம்தான். சாய்ந்த விரல்கள் சாய்ந்தவைதான்.

2025 மே 29

தோல்வியடைந்த மூலக்கூறுக்கு யார் இடம் தருவார்கள்? இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. மூன்றாவது ஏற்றுக்கொண்டது.

2025 ஆகஸ்ட் 20

எலிக் கூடத்தில் என் பக்கத்துக் கூண்டுகள் காலியாகவே இருக்கின்றன. புதிதாக எதையும் தொடங்கவில்லை. என்ன செய்யப் போகிறீர்கள் என்று துறைத்தலைவர் கேட்டார். கல்லீரலைப் பற்றிப் படிக்கிறேன் என்றேன்.

2025 நவம்பர் 16

வெள்ளிக்கிழமை ஒரு மின்னஞ்சல். தெரியாத பெயர், தெரியாத ஊர். ஐரோப்பாவில் எங்கோ. அவர்களிடமும் ஏறக்குறைய இதே அமைப்பில் ஒரு சேர்மம் இருந்ததாம். எலிகளுக்கு அது எந்தக் கேடும் செய்யவில்லையாம். மனிதர்களுக்குக் கொடுக்க நாள் குறித்திருந்தார்கள். எங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு மனிதக் கல்லீரல் செல்களில் வேறு விதமாகப் பார்த்திருக்கிறார்கள். நிறுத்திவிட்டார்களாம்.

போனில் சொல்லத் தோன்றவில்லை. இன்று வல்லத்துக்குப் போனேன். மழை விட்டிருந்தது. ராஜாத்தி பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன்.

ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார். "எத்தன பேருக்குக் குடுக்கிறதா இருந்தாங்க?"

"முதல்ல முப்பது நாப்பது பேருக்குக் குடுப்பாங்க. நல்லா இருக்கிற ஆளுங்க. பெரும்பாலும் சின்ன வயசுக்காரங்க."

"அவங்களுக்கு இவரத் தெரியாதுல்ல?"

"தெரியாதுங்க. தெரியப் போறதும் இல்ல."

தோளில் கிடந்த துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உள்ள வாங்க" என்றார்.