சோப்புப் போட்ட குட்டி

அக். 30, வியாழன்

விடிய விடிய தூறல். கொட்டகை முழுக்கச் சகதி. ஏழாம் நம்பர் ஆடு காலை 5.40க்கு ஈன்றது. தலையீற்று. பெட்டைக் குட்டி! இந்த வருடம் பிறந்த மற்ற நான்கும் கிடா. இந்தப் பக்கம் எல்லோரும் தங்கள் மந்தையைப் பெரிய இன ஆட்டோடு கலந்துவிட்டார்கள். கலப்பில்லாத செவ்வாடு என்னிடம் இருக்கும் பதினொன்றுதான். பெட்டை தங்காவிட்டால் மந்தை என்னோடு சரி.

பத்து மணிக்குக் கால்நடை டாக்டர் இனப் பதிவுக்குப் படம் எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார். குட்டி மேலெல்லாம் சேறு. வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன். அசல் செம்மண் நிறம். ஒரு கறுப்பு மயிர் இல்லை.

டாக்டர் வரவில்லை. மழையாம். எல்லோரும் இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடம் உழைத்தது நான். தலைமையாசிரியர் நாற்காலி தாளாளரின் மைத்துனனுக்கு.

11 மணி. குட்டியைத் தாயிடம் விட்டேன். மோந்து பார்த்தது. முட்டித் தள்ளியது.

மனைவி சரோஜா ஓடி வந்தாள். "குளிப்பாட்டினியளா? தாய் நக்கி முடிக்கதுக்கு முன்னாலயா? எம்.ஏ. படிச்சவுக செய்யுத வேலையா இது? வாசம் போச்சுன்னா தன் பிள்ளன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"



அக். 31, வெள்ளி

மழை விட்டது. செய்து பார்த்தவை: ஆட்டைக் கட்டிப்போட்டுக் குட்டியைக் காம்பில் வைத்தது. உதை. குட்டி முதுகில் உப்புத் தடவியது. உப்பை நக்கிவிட்டு முட்டியது. சீம்பாலைப் பீய்ச்சிப் புட்டியில் கொடுத்தது. பாதி மூக்கு வழியே வந்துவிட்டது. குட்டி எடை ஒன்றே முக்கால் கிலோ.

டீக்கடையில் ஒருவன்: "என்ன வே, ஒம்ம வீட்டு ஆடு முயலப் போட்டிருக்காமே?" சிரிப்பு. பேர் குறித்துக்கொண்டேன்.

சரோஜா: "எங்க குருவிகுளத்துல இப்படி ஆச்சுன்னா ஒரு நாயக் கொண்டாந்து முன்னால நிறுத்துவாவ. தாய் குட்டிய மறைச்சிக்கிட்டு நிக்கும். அப்படியே சேந்துக்கிடும்."

தெரு நாய்கள் ஆட்டுக்குப் பழக்கம். அது பயப்படுவது ஒரே நாய்க்குத்தான். முருகையாவின் மணி. முருகையா என் சித்தப்பா மகன், அடுத்த வீடு. போன வருடம் மணி என் கிடாவின் தொடையைக் கடித்தது. நான் பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தேன். அதிலிருந்து பேச்சில்லை. பாகம் பிரிக்கையில் வடக்கு வரிசைப் புளியமரங்களை அவர்கள் அமுக்கியபோதே எனக்கு அந்த வீட்டு உறவு விட்டுப்போயிற்று.

போக மாட்டேன்.

நவ. 1, சனி

குட்டி எழவில்லை. வாய்க்குள் விரல் விட்டேன். ஜில்லென்றிருந்தது. சப்பவில்லை. சரோஜா சாக்கில் சுற்றி அடுப்பருகே வைத்துக் கருப்பட்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒன்பது மணிக்குத் தட்டுத்தடுமாறி நின்றது.

"நான் போயிக் கேட்டுட்டேன். ஒங்க தம்பி ஒங்களையே வரச் சொல்லுதாவ."

போனேன். சட்டை மாற்றிக்கொண்டு போனேன், எதற்கோ.

முருகையா பல் விளக்கிக்கொண்டிருந்தான். எழவில்லை.

"வாங்க அண்ணாச்சி. மனுவுல என்னன்னு எழுதியிருந்திய?"

"நாய் கடிச்சதுன்னு."

"வெறிநாய்னுல்லா எழுதியிருந்திய. வெறிநாயி இப்பம் எதுக்கு?"

"குட்டி செத்துரும் முருகையா."

துப்பினான். "பெட்டையா?"

"பெட்ட."

எழுந்து கயிற்றை எடுத்தான்.

பத்தரை. கயிற்றில் கட்டிக் கொட்டகைக்குக் கொண்டுவந்ததும் நாய் ஒரு உறுமல் உறுமியது. ஏழாம் நம்பர் ஆடு குட்டியை விட்டுவிட்டு மூலைக்கு ஓடியது. போச்சு.

"செத்த நேரம் இருங்க" என்றான் முருகையா. கயிற்றை இன்னும் ஒரு முழம் விட்டான். குட்டி விவரம் தெரியாமல் நாயைப் பார்த்தே தள்ளாடிப் போனது. கத்தியது. மணியின் மூக்குக்கும் அதற்கும் இரண்டடி. தடுக்க என் கை நீண்டது; சரோஜா பிடித்துக்கொண்டாள்.

ஆடு திரும்பியது. முன்னங்காலால் தரையை ஓங்கி மிதித்தது. தலையைத் தாழ்த்திக்கொண்டு நடுவில் வந்து நின்றது. என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேல் உயரம், அவ்வளவுதான். மணி பின்வாங்கியது. குட்டி வயிற்றுக்கடியில் நுழைந்தது. உதை இல்லை. வால் ஆடியது.

"நாளைக்கும் ஒருக்கா காட்டணும்லா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நவ. 2, ஞாயிறு

நல்ல வெயில். ஆறு மணிக்கே குட்டி தானாகப் போய்க் குடித்தது. ஆடு நக்கிக்கொடுத்தது. இனி நாய் வேண்டாம்.

எட்டு மணிக்கு முருகையா மணியோடு வந்தான். குட்டி குடித்துவிட்டதை நான் சொல்லவில்லை. அரை மணி நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் ஆட்டைப் பார்த்தோம். கிளம்பும்போது குனிந்து குட்டியின் வயிற்றைத் தடவினான். முட்ட முட்ட இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"நாளைக்கும் வரட்டா?"

"வா."