வெள்ளை அங்கி போட்ட விருந்தாளிகள்

ஜூன் 3, செவ்வாய்

மறுபடியும் வந்துவிட்டார்கள். இந்த முறை நான்கு பேர். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே வெள்ளை அங்கி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். மருத்துவக் கல்லூரி வாசலைக்கூட மிதிக்காத பிள்ளைகள். அமெரிக்காவில் ஏதோ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. சில வாரம் எங்கள் ஊரில் தங்கி, சேவை செய்து, பாடம் கற்பார்களாம். யாருக்குச் சேவை, யாருக்குக் கல்வி?

எங்கள் சுகாதார நிலையத்துப் பெஞ்சில் இருந்த கர்ப்பிணிகள் எழுந்து நின்று "குட்மார்னிங் டாக்டர்" என்றார்கள். நான்கு பேரும் சிரித்துத் தலையாட்டினார்கள். ஒருவராவது "நாங்க டாக்டர் இல்லை" என்று சொல்ல வேண்டாமா? நான்தான் எங்கள் எவே மொழியில் சொன்னேன். யார் காதில் விழுந்தது? அங்கிக்கு முன்னால் பிரசவ நர்ஸ் என் பேச்சு எடுபடுமா?

ஜூன் 5, வியாழன்

ஒரு காலையில் ஒரு பெட்டி கையுறை காலி. மாட்டிக்கொண்டு போட்டோ எடுக்க.

ஜூன் 9, திங்கள்

செனானு வந்தான். நம்ம ஊர்ப் பையன்தான். மாணவர்களைக் கூட்டிவந்து மேய்ப்பது அவன் வேலை.

"சிஸ்டர், அந்த நாலு பேர்ல பிரிட்டா பொண்ணு ஒரு பிரசவம் பார்க்கணுமாம்."

"பார்க்கட்டும். உள்ள இருக்கிறவ சரின்னா, கதவோரமா நின்னு."

"பார்க்கிறதுன்னா... கையால."

"உன் தங்கச்சி பிரசவத்துக்கு அவளை விடுவியா?"

சிரித்து மழுப்பினான். "என்ன சிஸ்டர் நீங்க! நேரடி அனுபவம்னு சொல்லித்தானே கூட்டிட்டு வர்றோம். வேடிக்கை பார்க்கவா கடல் தாண்டி வந்திருக்காங்க?"

பிறகு எங்கள் நிலையத்தின் பொறுப்பாளர் டோட்சே கூப்பிட்டு அனுப்பினார். "எஸினாம், கொஞ்சம் வளைஞ்சு குடுங்க. ஆம்புலன்ஸுக்கு டீசல் யார் போடுறா? அரசாங்கமா? இந்த மாணவர் திட்டம்தானே!"

அது உண்மைதான். உண்மையாக இருப்பதுதான் எரிச்சல்.

ஜூன் 12, வியாழன்

இன்று யாவா வந்தாள். சந்தையில் மீன் பொரித்து விற்பவள். மூன்றாவது கர்ப்பம், முதல் இரண்டும் தங்கவில்லை. எட்டாம் மாதம் நடக்கிறது. கால் வீங்கியிருக்கிறது, ரத்த அழுத்தம் மெல்ல ஏறுகிறது. வாரம் தவறாமல் வரச் சொன்னேன்.

"வர்றேன் சிஸ்டர். மீன் காத்திருக்கும், இது காத்திருக்குமா?" என்று வயிற்றைத் தட்டினாள்.

ஜூன் 19, வியாழன்

என்ன எழுத.

மாவட்ட அலுவலகத்தில் கூட்டம். ஒரே ஒரு நாள் நான் இல்லை. திரும்பி வந்தால் பிரிட்டா வாசலிலேயே ஓடி வருகிறாள், முகமெல்லாம் வெளிச்சம். "சிஸ்டர், இன்னிக்கு நான் உள் பரிசோதனை பண்ணினேன்! குழந்தையோட தலை கைக்குத் தட்டுப்பட்டுச்சு!"

"யாருக்கு?"

யாவாவுக்கு.

"அவகிட்ட கேட்டியா?"

"மிஸ்டர் டோட்சே சரின்னார்."

"அவர் வயிறா அது?"

புரியாத மாதிரி விழித்தாள். ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டேன். அதை யாரும் பார்க்கவே இல்லையாம்! எதற்காக அவளை வரச் சொன்னேனோ அதை விட்டுவிட்டு...

ஜூன் 20, வெள்ளி

டோட்சேயிடம் கத்தினேன். அவர் எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

ஜூன் 26, வியாழன்

யாவா வரவில்லை. மாலைவரை பார்த்தேன். ஜீப் ஓட்டுகிற தடியன் சந்தையில் வைத்தே சொல்லிச் சிரித்திருக்கிறான், அன்று அவளைப் பரிசோதித்தது டாக்டரே இல்லை, படிக்க வந்த பெண் என்று. ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

காலையில் யாவா வீட்டுக்குப் போனேன். பிரிட்டா கூடவே வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

யாவா என்னை உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"டாக்டருன்னு நெனச்சுக் கண்ணை மூடிட்டுக் கிடந்தேன் சிஸ்டர். வலிச்சுது, பல்லைக் கடிச்சுக்கிட்டேன். நான் என்ன, கசாப்புக் கடை ஆடா? வர்றவ போறவ எல்லாம் தொட்டுப் பார்க்க?"

"என்னைத் திட்டு. எவ்வளவு வேணா திட்டு. பிரஷர் பார்க்க மட்டும் வந்துடு."

"வரமாட்டேன். உங்க எடத்துல எவ எப்போ கைய வைப்பான்னு யாருக்குத் தெரியும்?"

பிரிட்டா என் சட்டையைத் தொட்டாள். "அவங்க என்ன சொல்றாங்க?" ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். ஆட்டையும் சேர்த்துத்தான். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லச் சொன்னாள்.

"அதை வச்சு நான் என்ன பண்ண? வெளிய போகச் சொல்லுங்க."

பிரிட்டா போய் வெயிலில் நின்றாள். அதற்குப் பிறகுதான் யாவா கையை நீட்டினாள். பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன். கோபமெல்லாம் எங்கோ போயிற்று, அழுத்தம் அவ்வளவு ஏறியிருந்தது.

"தலை வலிக்குதா?"

"நேத்திலேர்ந்து. கண்ணுல பூச்சி பறக்குது."

"கிளம்பு. பெரிய ஆஸ்பத்திரிக்கு. இப்பவே."

"நீங்க கூட வருவீங்களா? வேற எவ கையும் என்மேல படக்கூடாது."

அங்கே யார் யார் கையெல்லாமோ படும் என்று எனக்குத் தெரியும். "ஒவ்வொருத்தரும் யாருன்னு நான் கேட்டுச் சொல்றேன். நீ சரின்னா மட்டும்தான்" என்றேன். வந்தாள்.

ஆம்புலன்ஸில்தான் போனோம். அவர்கள் போட்ட டீசலில். அதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

ஜூன் 28, சனி

வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண். சின்னஞ்சிறு உருப்படி, ஆனால் என்ன தொண்டை! யாவாவுக்கு அழுத்தம் இறங்குகிறது. இன்னும் ஒரு வாரம் வீட்டில் இருந்திருந்தால்... வேண்டாம், எழுதவில்லை.

ஜூலை 2, புதன்

பிரிட்டா தன் பல்கலைக்கழகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். என்ன செய்தாள், யார் விட்டார்கள், எல்லாம். டோட்சே என்னோடு பேசுவதில்லை. நான்தான் தூண்டிவிட்டேனாம்.

சாயந்திரம் அவளே வந்தாள். "எங்க ஊர்ல என்னைப் பரிசோதனை அறைக்குள்ளயே விடமாட்டாங்க சிஸ்டர். அது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"தெரிஞ்சேதான்."

திட்டவும் வாய் வரவில்லை, தேற்றவும் மனம் வரவில்லை. "சாப்பிட்டியா?" என்றேன். இல்லை என்றாள். சோளக்களி அக்ப்ளேயும் வெண்டைக்காய்க் குழம்பும் இருந்தது. இருவரும் சாப்பிட்டோம்.

ஜூலை 8, செவ்வாய்

திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஜீப் போய்விட்டது. செனானு கடைசியாக வந்து, "உங்க வீம்பால எம் பொழப்பு போச்சு சிஸ்டர்" என்றான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆம்புலன்ஸ் டீசல் இல்லாமல் மாமரத்தடியில் நிற்கிறது. கோழி குஞ்சு பொரித்திருக்கிறது அதற்கடியில். இன்று ரத்தப்போக்கோடு ஒருத்தியைக் கிழங்கு லாரியில் ஏற்றி, மூட்டைகளுக்கு நடுவே மடியில் போட்டுக்கொண்டு போனேன். பிழைத்துவிட்டாள். அவள் புருஷன் கேட்டான்: "வண்டி சும்மாத்தானே நிக்குது? அதை நிறுத்தினது நீங்கதானாமே?"

நானா நிறுத்தினேன்? நான் சொன்னது, கேட்காமல் தொடாதே என்று. அதற்கு இது விலையா? டீசல் கேட்டு மாவட்ட அலுவலகத்துக்கு இன்னொரு மனு அனுப்பியிருக்கிறேன். முந்தின மனுவுக்கே பதில் வரவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். உருப்படியாக ஒரு வேலை ஓடவில்லை.

பயிற்சிக்கு வந்திருக்கும் காஃபுயி என்ற நம்ம ஊர் மாணவி, ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் கை வைக்கப் போனாள். அந்தக் கர்ப்பிணி இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீ யாரு? படிக்கிறவளா, படிச்சு முடிச்சவளா?" எல்லாம் யாவா பார்த்த வேலை. மகளை மடியில் போட்டுக்கொண்டு, பெஞ்சு முழுக்க இதையே ஓதிக்கொண்டிருக்கிறாள். டோட்சேயிடமே ஒருத்தி, "ஊசி போடப் போறது நீங்கதானா, இல்ல வேற யாராவதா?" என்றாள். அவர் என்னைப் பார்த்து முறைத்தார்.

எல்லோருக்கும் பதில் சொல்லி, எல்லோரிடமும் கேட்டு, மதியச் சாப்பாடு போயே போய்விட்டது. பசியில் தலை சுற்றியது. கடைசியாக, ஊருக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த சின்னப் பெண். கட்டிலில் ஏறாமல் நின்றாள்.

"நீங்க யாரு? எங்க படிச்சீங்க?"

சுள்ளென்று வந்தது. இந்த ஊரில் நடமாடுகிற பிள்ளைகளில் பாதி என் கையில் பிறந்தவை. என்னையா? யாவாவைப் பார்த்தேன். அவள் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயரைச் சொன்னேன். படித்த இடத்தைச் சொன்னேன். என்ன செய்யப் போகிறேன், எதற்கு என்றும் சொன்னேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறினாள்.