முதல் வெற்றிலை

ஐப்பசி 5

காலையில் சாரல். குடைக்கம்பி ஒன்று ஒடிந்தது. மராமத்து ஓவர்சியர் வந்து ஊருக்குள் முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார். சுசீந்திரம் ரோட்டிலிருந்து அம்மன் கோயில் வரை புது ரோடு. பஸ் உள்ளேயே வருமாம். அளக்கிற சங்கிலியின் ஒரு முனையை நான்தான் பிடித்தேன். பிடித்தது அவருடைய சேவகன், ஆனால் எங்கே பிடிக்க வேண்டும் என்று சொன்னது நான்.

ரோட்டுக்கு வழி இரண்டு.

கால்வாய்க் கரை வழி: முதலடியின் தோப்பில் ஒரு வரிசைத் தென்னை போகும்.

வடக்குத் தெரு வழி: மரம் ஒன்றும் போகாது. என் தங்கச்சி பகவதியின் வீடு போகும்.

முதலடி ஊருக்குத் தலைவர். பகவதிக்குப் புருஷன் இல்லை, கலியாணத்துக்கு நிற்கிற மகள் செல்லம் மட்டும். வீடு நிற்கிற இடம் ஊர்ப் பொது, பட்டா கிடையாது. எந்த வழி என்று ஊர்க்கூட்டம் சொன்னால் சர்க்கார் அப்படியே போட்டுவிடும்.

மதியம் போய்ச் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“நான் இருக்கும்ப ஒரு ஓடு அசையுமாட்டீ?”

“கூட்டத்துல பேசுவியளா அண்ணா?”

“நான் பேசி எந்தக் காரியம் நடக்காம போச்சு?”

அவள் யோசித்தாள். யோசித்திருக்க வேண்டியதில்லை.

ஐப்பசி 8

மேகம். மழை இல்லை. இடுப்பு வலி.

ஓவர்சியர் திருவனந்தபுரத்துக்காரர், நம்ம ஊர் முறை தெரியாது. விளக்கினேன். இங்கே கை தூக்குவது கிடையாது. பேச்சு முடிந்ததும் வெற்றிலைத் தட்டு சுற்றி வரும். எடுத்தால் சம்மதம். எடுத்தவன் அப்புறம் வாய் திறக்கக் கூடாது. ஒருத்தன் தட்டைத் தள்ளிவிட்டாலும் போதும், காரியம் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். அவர் அசந்துபோனார். இந்த முறையை எங்கள் பாட்டனார்தான் ஏற்படுத்தினார் என்றும் சொல்லிவைத்தேன். இருக்கலாம், யார் கண்டது.

கூட்டத்தில் சொல்ல வேண்டியவை:

1. தாலியறுத்தவள் வீட்டை இடித்துப் போட்ட ரோட்டில் ஊருக்கு என்ன நல்லது வரும்?
2. தென்னையை வேறு இடத்தில் வைத்தால் வளரும். வீடு வளருமா?
3. தாசில்தார் எனக்கு வேண்டப்பட்டவர். (கொட்டாரம் சந்தையில் என் பக்கம் பார்த்துச் சிரித்தார்.)
4. மறந்துவிட்டது. இதுதான் நல்ல பாயிண்ட்.

பகவதியிடம் வாசித்துக் காட்டினேன். “இவ்வளவு வேண்டாம் அண்ணா. தட்டு வரும்ப தள்ளி விட்டாப் போரும்” என்றாள். பெண்பிள்ளைக்குச் சபை தெரியாது.

ஐப்பசி 11. கூட்டம்

நல்ல வெயில். சலவை வேட்டி.

அம்மன் கோயில் முன்மண்டபம் கொள்ளவில்லை, இருநூறு பேர். பெண்கள் வெளியே அரளிச்செடிப் பக்கம். பகவதியும் செல்லமும் முன்னால் நின்றார்கள். பேசினேன். ஒரு மணி நேரம். இருமல் சத்தம் கூடக் கிடையாது. இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முதலடி முகம் கறுத்துப்போயிற்று. எனக்கு முதல் வெற்றிலை. எங்கள் அப்பாவுக்கே கிடைக்காத மரியாதை.

தீர்மானம்: வடக்குத் தெரு வழி.

ஐப்பசி 12

விடிந்ததிலிருந்து மழை.

நேற்று எழுதியதைப் படித்தேன். இந்த நோட்டை என்னைத் தவிர யார் பார்க்கப்போகிறார்கள்? சரியாகவே எழுதிவைக்கிறேன்.

எழுபது பேர் இருக்கும். நான் துண்டை உதறி எழுந்திருக்கப் போனேன். அதற்குள் முதலடி சொன்னார்:

“வடக்குத் தெரு வழின்னு தட்டு வரட்டு, பேச்செல்லாம் பொறவு இருக்கட்டும். ரோட்டுக் காரியமா ஓவர்சியர் கூட வெயிலுல நின்ன ஆளு நம்ம சிவதாணு. இன்னைக்கு மொத வெத்தில அவருக்குத்தான்.”

முதல் வெற்றிலை என்றைக்கும் முதலடி குடும்பத்துக்குத்தான். தட்டு என் முன்னால் வந்துவிட்டது. எழுபது தலையும் என் பக்கம். எடுத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எடுத்தேன். வேட்டியில் துடைத்தேன், காம்பு கிள்ளினேன், சுண்ணாம்பு தடவினேன். அவசரப்படாமல் தடவினேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று. வாயில் போட்ட பிறகுதான் அரளிச்செடிப் பக்கம் கண் போனது.

பக்கத்தில் இருந்த கோலப்பன், “கூடப் பொறந்தவனே எடுத்தாச்சு, பின்ன நமக்கென்ன வே” என்று எடுத்தான். அப்புறம் வரிசையாக எல்லோரும்.

ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு பாயிண்டும் மடியிலேயே இருந்தது.

ஐப்பசி 14

மழை விடவில்லை. பகவதி வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். உட்கார மனை போட்டாள், மோர் தந்தாள்.

“நல்ல வெத்திலயா அண்ணா?”

“கொழுந்து” என்றேன்.

செல்லம் உள்ளே போய்விட்டாள்.

ஐப்பசி 18

மனு எழுதுகிறவரிடம் சர்க்கார் பாஷையான மலையாளத்தில் மனு எழுதி வாங்கிக்கொண்டு தாசில்தார் கச்சேரிக்குப் போனேன். போக வர நடை. செருப்பு வார் அறுந்தது. தாசில்தார் இல்லை, முகாம். குமாஸ்தா ஊர்த் தீர்மானத்தை எடுத்து விரித்தார். வெற்றிலை எடுத்தவர்கள் பெயர், எடுத்த வரிசைப்படி. அவர் விரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

“இது நிங்ஙள் தானே?”

“ஆமா.”

“பின்னெ எதிர்ப்பு ஆர்க்கு?”

ஊர் மறுபடி கூடி மாற்றி எழுதினால் பார்க்கலாமாம். மனுவைத் திருப்பித் தந்துவிட்டார்.

பகவதியிடம், தாசில்தார் எழுந்து வந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தார் என்று சொன்னேன்.

“உக்கார வச்சு என்ன சொன்னாரு மாமா?” என்று கேட்டாள் செல்லம்.

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி கேட்கத் தெரியும்.

ஐப்பசி 20

வெயில். முதலடி தோப்பில் தேங்காய் வெட்டு. அங்கேயே போய் நின்றேன்.

“இன்னொரு கூட்டம் போடணும்.”

“போடலாமே. நானா மாட்டேங்கேன்?” இளநீர் ஒன்று சீவித் தரச் சொன்னார். “ஆனா கூட்டம் கேக்கதுக்கு ஒரு முறை உண்டுல்லா. வெத்தில எடுக்காதவன்தான் கேக்கணும். ஊருல எடுக்காதவன் ஆரு இருக்கா, சொல்லும். இப்பமே பறை சாற்றச் சொல்லுகேன்.”

இளநீர் குடிக்காமல் வந்தேன். இது நிஜம்.

வழியில் கோலப்பனைப் பிடித்தேன். “நீ எடுக்கல்லன்னு சொல்லுலே. ஒரே ஒரு வாக்கு.”

“ஓம்ம மூஞ்சியப் பாத்துத்தான் வே நானே எடுத்தேன். நம்ம வீட்டுக்காரி இன்னும் பேசல்ல எங்கிட்ட. பகவதி வீட்டு உப்பு தின்னவளாம்.”

அவனும் மோசமில்லை. அவனுக்கு முன்னால் நான் எடுத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஐப்பசி 27

இடுப்பு வலி குறைந்தது. பகவதிக்குக் குளத்துக்குப் பின்னால் மாற்று இடம் காட்டியிருக்கிறார்கள். பார்க்கப் போனோம். கணுக்கால் வரை தண்ணீர், தவளை.

“நல்ல காத்தோட்டம்” என்றேன்.

“அண்ணா, கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லாதீய.”

கால் நமநமவென்று அரித்தது. என் வீட்டுக்கு வாருங்கள் என்று திரும்பி வரும்போது கூப்பிட்டேன். இரண்டு பேரும் கேட்காதது போல நடந்தார்கள். நிஜமாகவே கேட்கவில்லையோ என்னவோ, காற்று.

கார்த்திகை 2

ஓடு பிரிக்கிறார்கள். நானும் ஏறினேன். எண்ணூறு ஓடு நான் ஒருத்தனே இறக்கினேன் என்று எழுதலாம். நாற்பது இறக்கினேன். ஒன்று உடைந்தது. கீழே நின்று வாங்கி அடுக்கினவள் பகவதி. உடைந்ததையும் சேர்த்தே அடுக்கினாள்.

கார்த்திகை 3

வானம் மூடிக்கிடந்தது. நாளைக் காலை சுவரை இடிக்க ஆள் வருகிறது. பகவதி கடைசியாக அதே அடுப்பில் பொங்கி, என்னைச் சாப்பிடக் கூப்பிட்டு விட்டாள். இத்தனைக்குப் பிறகும் கூப்பிடுகிறாளே என்று ஓட்டமாகப் போனேன்.

அடுப்பங்கரையில் நாலு சுவர் நிற்கிறது, மேலே ஒன்றும் இல்லை. இலை போட்டாள். சோறு, பருப்பு, வாழைக்காய்த் துவட்டல். இரண்டாவது கவளத்தில் தூற்றல் விழ ஆரம்பித்தது. இலையில், சோற்றில், என் தலையில். எழுந்திருக்கலாமா என்று அவளைப் பார்த்தேன். நனைந்துகொண்டே கரண்டியோடு நின்றாள்.

“பருப்பு விடட்டுமா அண்ணா?”

“விடு” என்றேன்.